கதிரும் மருந்தும் கூந்தலும்



பழந்தமிழர் தலைமயிருக்கு இட்ட பெயர்கள் பல. கூந்தல் என்றனர், குழல் என்றனர், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால் என்றும் வேறுபடுத்திச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் வழங்குமாயின் அதன்மீது அம்மக்கள் வைத்த மதிப்பும் பெரிதென்றே கொள்ளவேண்டும். மயிரை இழப்பதற்கும் நம்மிடையே பொருள் உண்டு. நேர்த்திக்கடன் தீர்க்கக் கோயில் வாயிலில் முடியிறக்குவோர் உளர். கணவனை இழந்தவளின் தலையை மழித்த கொடிய வழக்கமும் ஒருகாலத்தே இருந்தது. முன்னது பக்தியின் அடையாளம். பின்னது துயரின் அடையாளம். இவ்விரண்டோடு மூன்றாவதொன்றை இருபதாம் நூற்றாண்டு சேர்த்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் முடியற்ற தலையே அது.

இத்தலையைக் காண்போர் பலர், நோய் முற்றியதனால் மயிர் உதிர்ந்தது என்று எண்ணி உள்ளம் பதைக்கின்றனர். மயிரை உதிர்ப்பது நோயன்று. நோயைத் தாக்கும் சிகிச்சையே. அச்சிகிச்சையின் வரலாற்றைத் துருவிப் பார்த்தால் இன்னொரு வியப்பும் காத்திருக்கின்றது. சிகிச்சை முதலிலே தோன்றியது, மயிருதிர்வு அதன்பின் நேர்ந்தது என்றுதான் எவரும் நினைப்பர். நடந்ததோ இதற்கு மறுதலை. ஒருவருடைய தலையில் மயிர் உதிர்ந்ததைக் கண்ட பின்னரே கதிர்ச்சிகிச்சை காலூன்றிற்று. அந்தக் கதையையும், அதன் பின்னே வந்த மருந்துகளின் கதையையும் இன்று நோக்குவோம்.

1895ஆம் ஆண்டு நொவெம்பர் 8ஆம் திகதி, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே பேராசிரியர் றொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களுள் அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. கண்ணாடிக் குழாயும் மின்சாரமும் கிடைத்த இடமெங்கும் அறிஞர்கள் தங்கள் கைகளையும், மோதிரங்களையும், பணப்பைகளையும் ஊடுருவிப் படம்பிடிக்கலாயினர். அமெரிக்காவில் ரெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வண்டர்பில்ற் பல்கலைக்கழகம் இருக்கின்றது. துப்பாக்கிக் குண்டு தலையில் பாய்ந்த ஒரு குழந்தையைப் பற்றி அங்கே கேள்வி வந்தது. குண்டு எவ்விடத்தில் தங்கியுள்ளது என்பதை இப்புதிய கதிரால் அறிய முடியுமா?

குழந்தையின் தலையிற் கதிரைச் செலுத்துமுன் பெரியவர் ஒருவர் தலையிற் சோதித்துப் பார்ப்பதே முறை என்று கருதினார் பௌதிகப் பேராசிரியர் ஜோன் டானியல். அதற்குத் தலை கொடுத்தவர் அப்பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் தலைவரான வில்லியம் டட்லி. தலையின் ஒரு பக்கத்தில் ஒளிப்படத் தகடு. தகட்டுக்கும் தலைக்கும் இடையில் ஒரு நாணயம். கதிர்க்குழாய் மயிரிலிருந்து அரை அங்குலத் தூரத்திலே நின்றது. ஒரு மணிநேரம் கதிர் பாய்ந்தது. டட்லிக்கு வலியில்லை, எரிவில்லை. இருபத்தொரு நாள் கழிந்தது. கதிர் பட்ட இடத்திலே, இரண்டு அங்குல விட்டத்துக்கு, மயிரெல்லாம் உதிர்ந்து தலை பளிச்சென்று தோன்றிற்று. இதனை டானியல் எழுத, 1896 ஏப்பிரலில் ‘சயன்ஸ்’ என்னும் இதழ் வெளியிட்டது. றொன்ஜன் கதிரைக் கண்டு ஆறு மாதமும் ஆகவில்லை.

உலகம் இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கொண்டது. இனிச் சவரக்கத்தி வேண்டாம் என்று நகைத்தவரும் உளர். ஆனால் வியன்னா நகரில் லெயோபோல்ட் பிராய்ன்ட் என்னும் இளம் வைத்தியர் நகைக்கவில்லை. உயிருள்ள உடலில் கதிர் ஏதோ ஒரு மாற்றத்தை உண்டாக்கவல்லது எனின், அதனை நோய் தீர்க்கவும் ஆளலாம் அன்றோ என்று அவர் சிந்தித்தார். அவரிடம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொண்டுவரப்பட்டாள். பிறவியிலேயே அவளுடைய முதுகு நிறையக் கருமறுவும் அடர்ந்த மயிரும் படர்ந்திருந்தன. 1896 நொவெம்பரில், நாளுக்கு இரண்டு மணிநேரமாகப் பல நாட்கள், அம்முதுகிலே கதிர் செலுத்தினார் பிராய்ன்ட். பன்னிரண்டாம் நாள் மயிர் கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கிற்று.

அவ்வாண்டிலேயே கதிரால் நோய் தீர்க்க முயன்றோர் வேறு சிலரும் இருந்தனர். பிரான்சின் லியோன் நகரில் டெஸ்பேன் என்பவர் ஜூலை மாதத்திலேயே வயிற்றுப் புற்றுநோயாளர் ஒருவருக்குக் கதிர் செலுத்திப் பார்த்தார். ஆயினும் இன்ன அளவு கதிர் பட்டால் உடலில் இன்ன விளைவு நிகழும் என்பதை முறையாகக் காட்டி, இத்துறைக்கு அடிகோலியவர் பிராய்ன்டே என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. அச்சிறுமியின் கதை இனிதாக மட்டும் முடியவில்லை. கதிர் மிகுதியாற் பட்ட கீழ்முதுகு புண்ணாகி ஆறாது நெடுநாள் வருத்திற்று. எனினும் அவள் வாழ்ந்தாள். ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, 1966இல், அவளுடைய முதுமைக்கால உடல்நிலையை ஒரு மருத்துவ இதழிலே எழுதி வைத்திருக்கிறார்கள். தழும்பும் கூனும் அவளுடன் இருந்தன; புற்றுநோய் வரவில்லை.

பின்னர் மயிருதிர்வு ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. இக்காலத்தில் கதிரை அளக்க நுட்பமான கருவிகள் உள. அக்காலத்திலோ கதிர் கண்ணுக்குத் தெரியாது, நிறுக்கவும் இயலாது. பாரிஸ் நகரத் தோல்நோய் வைத்தியர் சபுறோவும் அவருடைய உதவியாளர் நுவாறேயும் 1904இல் ஒரு வழி கண்டார்கள். ஒருவகைப் பேரியம் உப்புப் பூசிய சிறு வில்லையைக் கதிர்க்குழாய்க்கும் தலைக்கும் இடையிலே வைத்தனர். கதிர் படப்பட அவ்வில்லையின் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகும். இன்ன பழுப்பு வந்தால் மயிர் உதிரும், தோல் வேகாது என்பது கணக்கு. அதன்பின் பல ஆண்டுகள் வைத்தியர்கள் கதிரின் அளவைக் குறிக்க ‘மயிர் உதிர்க்கும் அளவு’ என்றே வழங்கினர். படியும் மரக்காலும் போல, மனிதனுடைய மயிரே அளவையாயிற்று.

சபுறோ அதனைக் கண்டது புற்றுநோய்க்காக அன்று. பிள்ளைகளின் தலையிலே தோன்றும் படர்தாமரைக்காக. அந்நோயின் பூஞ்சணம் மயிர்க்காலுள்ளே குடியிருப்பதால், மயிர் முழுவதும் உதிர்ந்தாலன்றி நோய் போகாது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல நாடுகளிலே பிள்ளைகளின் தலைமயிரை இக்கதிரால் உதிர்த்தார்கள். 1950களின் இறுதியில் கிறிசியோபுல்வின் என்னும் மாத்திரை வந்த பின்னரே இவ்வழக்கம் ஓய்ந்தது. அதற்குள் இஸ்ரவேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் இச்சிகிச்சைக்கு ஆளாகியிருந்தனர். அவர்களிடையே மூளைக்கட்டியும் தைரொயிட்டுப் புற்றுநோயும் பிறரிலும் மிகுந்து காணப்படுவதை 1974இல் மோடான் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்க அந்நாட்டு நாடாளுமன்றம் 1994இல் சட்டம் இயற்றிற்று. புற்றுநோயைத் தீர்க்கும் கதிர் புற்றுநோயை உண்டாக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெற்றோரிடம் இதனை எவரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது.

இனி, கதிர் பட்டால் மயிர் ஏன் உதிர்கின்றது? இதற்கு விடை 1906இல் பிரெஞ்சு ஆய்வாளர் இருவரிடமிருந்து வந்தது. பேர்கோனியே, திரிபோந்தோ என்பது அவர்கள் பெயர். விரைந்து பிரிந்து பெருகும் கலங்களையே கதிர் முதலிலும் மிகுதியாகவும் தாக்குகின்றது என்று அவர்கள் காட்டினார்கள். புற்றுநோய்க் கலம் ஓயாது பெருகும் இயல்புடையது; ஆகவே கதிருக்கு இரையாகின்றது. மயிர்க்காலின் அடியிலுள்ள கலங்களும் ஓயாது பெருகுவனவே. மனிதர் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர் உண்டு. அவற்றிற் பத்தில் ஒன்பது பங்கு எப்பொழுதும் வளர்ந்துகொண்டிருக்கும். எஞ்சியவை ஓய்ந்திருந்து பின் உதிரும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் சீப்பிலே வருவது இயற்கை. வளர்கின்ற அப்பத்தில் ஒன்பது பங்கையும் ஒருசேரத் தாக்கினால் என்னவாகும்? இரண்டு மூன்று வாரத்துள் தலை வெறுமையாகும். பகைவனும் அயலானும் ஒரே தெருவில் இருந்தால், எறிகணைக்கு இருவரும் ஒன்றே.

எறிகணை என்றதும் போர் நினைவுக்கு வருகின்றது. மருந்தின் கதை போரிலேதான் தொடங்குகின்றது.

முதலாம் உலகப் போரிலே கடுகுவாயு என்னும் நச்சுப்பொருள் படையினர்மீது வீசப்பட்டது. அது தோலைக் கொப்புளமாக்கியதோடு இரத்தத்தின் வெண்கலங்களையும் அழித்ததை 1919இலேயே வைத்தியர்கள் குறித்து வைத்தனர். இரண்டாம் போரின்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர், அவ்வாயுவின் இனத்தைச் சேர்ந்த நைதரசன் கடுகு என்னும் பொருளை ஆராய்ந்தார்கள். நிணநீர்ச் சுரப்பிகளிலே புற்று முற்றிய ஒருவருக்கு 1942இல் அதனை ஊசியாக ஏற்றினார்கள். கழுத்தை அடைத்து நின்ற கட்டி சில நாளில் உருகி மறைந்தது. பின்னர் மீண்டும் வந்து அவர் இறந்தார். போர்க்கால இரகசியமாதலால் 1946 வரை இது வெளியிடப்படவில்லை.

இதற்கிடையே, 1943 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, ஜேர்மன் விமானங்கள் இத்தாலியின் பாரித் துறைமுகத்தைத் தாக்கின. பாரி என்றதும் நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் தோன்றுவான். இது அதிரியாதிக் கடற்கரையிலுள்ள ஊர். பதினேழு கப்பல்கள் அழிந்தன. அவற்றுள் ‘ஜோன் ஹார்வி’ என்னும் அமெரிக்கக் கப்பல் கடுகுவாயுக் குண்டுகளை இரகசியமாகச் சுமந்து நின்றது. கடலில் விழுந்து எண்ணெயிலே நீந்தித் தப்பியவர்கள் தங்கள்மீது படிந்தது இன்னதென அறியார். அவர்களுக்கு மருந்திட்ட வைத்தியர்களும் அறியார். 628 பேர் நச்சினால் வைத்தியசாலை சேர்ந்தனர். 83 பேர் மாண்டனர். இது படையினரும் கப்பலாட்களும் பற்றிய கணக்கு. ஊர்மக்களை எண்ணியவர் இலர். ஆராய வந்த ஸ்டுவர்ட் அலெக்சாந்தர் என்னும் இராணுவ வைத்தியர், இறந்தோரின் இரத்தத்தில் வெண்கலங்கள் அற்றுப்போயிருந்ததைக் கண்டு அறிக்கை எழுதினார். யேலிலே கண்டதற்கு அது வலுச் சேர்த்தது.

கடுகின் வழித்தோன்றலாக, 1958 அளவில் ஜேர்மனியிலிருந்து சைக்கிளோபொஸ்பமைட்டு என்னும் மருந்து வந்தது. இன்றும் அது பயன்படுகின்றது. மயிரை உதிர்ப்பதில் அதற்கு நிகரானவை சிலவே. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தார் 1960களின் இறுதியில் இதனை ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர் என்றால் நேயர்கள் நகைப்பீர்கள். நோய்க்காக அன்று, கத்தரிக்கோல் இன்றி உரோமத்தைக் கையாற் பறித்துவிடலாம் என்பதற்காக! ஆடுகளின் உரோமம் கழன்று வந்தது. பின்னர் மீண்டும் வளர்ந்தது. எனினும் அம்முறை வழக்கிலே நிலைக்கவில்லை.

போரோடு தொடர்பற்ற வேறு இரு வழிகளும் உண்டு. அவ்விரண்டிலும் நமக்கு அண்மையான ஏதோ ஒன்று இருக்கின்றது. ஆந்திரத்திலே பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அமெரிக்காவிலே லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய குழுவினர் ஆக்கிய அமினோப்தெரின் என்னும் மருந்தையே, பொஸ்டன் நகரில் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பதினாறு பிள்ளைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது என்று 1948இல் வெளியிட்டார். தணிந்தது சில மாதங்களே. ஆயினும் அதற்குமுன் அதுவும் இல்லை. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே காலமானார். உரிய புகழ் அவருக்கு இன்றும் கிட்டவில்லை என்றே சொல்வேன்.

மற்றையது பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றும் சொல்வர். நம்மூர் மணலிலும் கோயில் வீதியிலும் நீரூற்றாமலே பூத்து நிற்கும் அச்செடியின் தாயகம் மடகஸ்கார் தீவு. யமேக்காவில் அதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடிப்பார்கள் என்று கேள்வியுற்று, 1952இல் அங்கிருந்து கனடாவுக்கு இலை அனுப்பினர். றொபேட் நோபிள் அதனை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை, வெண்கலங்கள் குறைந்தன. 1958இல் நோபிளும் சாள்ஸ் பியரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் தூணாக நிற்கின்றது. அப்பிள்ளைகளின் தலைமயிர் உதிர அதுவும் ஒரு காரணம்.

அத்தகைய பிள்ளை சிகிச்சை முடிந்து பள்ளிக்கு மீளும்போது தலையை மூடிக்கொண்டு வரும். வகுப்பறையில் தொப்பி அணியலாகாது என்பது பொதுவிதி. அதிபர் என்ற முறையிற் சொல்கிறேன்: அவ்விதியைத் தளர்த்த மேலிடத்தின் அனுமதியை நான் ஒருபோதும் நாடியதில்லை. விதியைவிடப் பெரிய இடர் அயலில் அமரும் பிள்ளையின் வீட்டிலே இருக்கின்றது. அது தொற்றுநோய், தள்ளி இரு என்று சொல்லி அனுப்பும் தாய்மார் இன்றும் உளர். புற்றுநோய் அருகில் இருப்பதால் ஒட்டுவதன்று; மயிருதிர்வும் ஒட்டுவதன்று.

பாரித் துறைமுகம் இருக்கும் அதே மாநிலத்திலே, காஸ்தெல் தெல் மொந்தே என்னும் பழங்கோட்டையின் அயலிலிருந்து எடுத்த மண்ணில் இத்தாலிய ஆய்வாளர் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். அது சிவந்த மருந்தொன்றைச் சுரந்தது. அவ்வினத்திலிருந்து 1960களின் இறுதியிற் பெற்ற மருந்துக்கு, அதிரியாதிக் கடலை நினைந்து அதிரியாமைசின் எனப் பெயரிட்டார்கள். நஞ்சு கலந்த அதே கடல்! மார்பகப் புற்றுநோய்க்கு அது பெருந்துணையாயிற்று. பெற்றவருள் பெரும்பாலோரின் தலையை முழுவதும் வெறுமையாக்கிற்று.

1970களில், பல மருந்துகளை ஒருங்கு சேர்த்துக் கொடுக்கும் முறை பரவிற்று. முன்னர் மாண்டிருப்பவர்கள் பிழைத்தனர். முடியற்ற தலை தெருவிலும் கடையிலும் காணும் காட்சியானது அப்பொழுதுதான். பிழைத்தவர் வெளியே நடமாடியதனாலேயே அக்காட்சி உண்டாயிற்று.

வைத்தியர்களோ இதனைச் சிறு பக்கவிளைவு என்று நூலின் ஓரத்தில் எழுதிவிட்டு அப்பாற் சென்றனர். உயிருக்கு ஊறில்லை, மீண்டும் முளைக்கும் என்பது அவர்கள் நியாயம். 1983இல் சிட்னி நகர ஆய்வாளர் சிலர் நோயாளரிடமே சென்று, இச்சிகிச்சையில் உம்மை மிக வருத்துவது எது என வினவினார்கள். முதலிடம் வாந்திக்கு, இரண்டாமிடம் குமட்டலுக்கு, மூன்றாமிடம் மயிருதிர்வுக்கு. வைத்தியர் ஓரத்தில் எழுதியதை நோயாளர் முன்வரிசையில் வைத்திருந்தனர். இதில் வியப்பென்ன? வாந்தியை வீட்டார் மட்டுமே அறிவர். தலையை ஊரே அறியும். வெளிப்பட விரும்பாத நோயை, உடையவரின் அனுமதியின்றிப் பறைசாற்றுவது அது. மயிர் போகும் என்பதற்காகவே மருந்தை மறுத்த பெண்களும் உண்டு. அவர்களை அறிவிலிகள் என்று பழிப்பது எளிது. கூந்தலுக்கு ஆறு பெயரிட்ட மொழியைப் பேசுவோர் அவ்வாறு பழிப்பது முறையன்று.

தடுக்கும் முயற்சியும் பழையதே. 1960களில், மருந்து ஏறும் வேளையில் தலையைச் சுற்றிப் பட்டியால் இறுக்கி, இரத்தம் மேலேறாமற் செய்து பார்த்தார்கள். அடுத்த பத்தாண்டில் பனிக்கட்டி வந்தது. குளிரினால் தலைத்தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும்; மயிர்க்காலைச் சேரும் மருந்து குறையும்; கலங்களும் சோம்பிக் கிடக்கும். அரிசோனாவிலிருந்து 1979இல் இதன் பயன் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆனால் தலைத்தோலில் ஒளிந்திருக்கும் புற்றுக்கலங்களும் இவ்வாறே தப்பிவிடுமோ என்னும் ஐயம் எழுந்தமையால், அமெரிக்காவிலே இது நெடுங்காலம் பின்தங்கிற்று. ஐரோப்பாவில் முயற்சி நிற்கவில்லை. ஈற்றில் 2015 டிசெம்பரில், மார்பகப் புற்றுநோயாளருக்கான குளிர்த்தொப்பிக் கருவியொன்றுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் தொப்பி அணிந்த 95 பெண்களுள் 48 பேர் தம் மயிரிற் பாதிக்கு மேல் காத்துக்கொண்டனர். அணியாத 47 பேருள் ஒருவரேனும் காக்கவில்லை. மருந்தேற்றுமுன்னும், ஏற்றும்போதும், ஏற்றிய பின்னும் அக்குளிரைத் தாங்கவேண்டும், தலைவலி உண்டாகும், செலவும் சிறிதன்று.

இரத்தப் புற்றுநோய்க்கு அத்தொப்பி ஆகாது. அந்நோயின் கலங்கள் இரத்தத்தோடு உடலெங்கும் உலாவுவன. தலைத்தோலில் மருந்து புகாத ஓரிடம் விட்டுவைத்தால் அவை அங்கே பதுங்கக்கூடும். ஆகவே பட்டிப்பூவின் மருந்தை ஏற்கும் பிள்ளைகள் இன்றும் மயிரை இழக்கத்தான் வேண்டும். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துள் பெரும்பாலோருக்குப் பூமயிர் அரும்பத் தொடங்குகின்றது. நேராக இருந்த மயிர் சுருளாக முளைப்பதும், நிறம் சற்றே மாறி வருவதும் உண்டு. தாய்மார் இதனைக் கண்டு மீண்டும் அஞ்சுகின்றனர், அஞ்ச வேண்டுவதில்லை. அச்சுருளும் பெரும்பாலும் சில காலத்திலே நிமிர்ந்து, பழைய கூந்தலாகிவிடும்.